எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் குரல் மட்டும் கெட்டுப்போவது ஏன்? சரிசெய்வது எப்படி?

கேள்வியின் சாரம் இது: கைப்பேசியிலும் பழைய கேம்கார்டரிலும் எடுத்த குடும்ப வீடியோக்களைக் கணினியில் வெட்டிச் சேர்த்து, பின்னணி இசையும் கோத்து, ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் படம் நன்றாக இருக்கிறது, மூலக் கோப்புகளில் பேச்சும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எக்ஸ்போர்ட்டில் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கியும், இடையிடையே கரகரத்தும், சில இடங்களில் உதட்டசைவோடு பொருந்தாமலும் இருக்கிறது. இரைச்சல் நீக்கும் ஃபில்டர்களைப் போட்டுப் பார்த்தும் பயனில்லை. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

போட்ட ஃபில்டர்களையெல்லாம் முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு குரல் மைக்கில் நுழைந்து பார்ப்பவரின் காதை அடைவதற்குள் பதிவு, கணினிக்கு மாற்றுதல், எடிட்டிங், எக்ஸ்போர்ட், இயக்கிக் கேட்டல் என்று ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. இவற்றுள் எந்தக் கட்டத்தில் அது கெட்டது என்பதைப் பொறுத்தே அதை முழுமையாக மீட்க முடியுமா, ஓரளவு தேற்றத்தான் முடியுமா என்பது தீர்மானமாகிறது. பதிவிலேயே கெட்ட ஒலிக்கு ஃபில்டர்கள் வேண்டும். அப்போதும் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும். எக்ஸ்போர்ட்டில் கெட்ட ஒலியையோ, மூலக் கோப்பு கையில் இருக்கும்வரை, முழுதாகவே மீட்டுவிடலாம். அதற்கு ஒரு ஃபில்டரும் தேவையில்லை. இந்த இரண்டாவது கோளாறுக்கு முதலாவதற்கான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். ஒரு வாரம் முழுவதும் இரைச்சல் நீக்கியோடு மல்லுக்கட்டிய பிறகு, எக்ஸ்போர்ட் அமைப்பில் ஆடியோவின் பிட்ரேட், அதாவது ஒரு விநாடி ஒலிக்கு ஒதுக்கும் தகவலின் அளவு, விநாடிக்கு 64 கிலோபிட் என்றிருந்ததைக் கண்டுபிடித்த ஆள் நான் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

கட்டத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். ஒருவர் இயல்பாகப் பேசுகிற முப்பது விநாடிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை விஎல்சி போன்ற ஒரு பிளேயரில் திறந்து அந்த முப்பது விநாடியைக் கேளுங்கள். பிறகு எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் அதே முப்பது விநாடியை, அதே பிளேயரில், அதே ஹெட்போனில் கேளுங்கள். மூலக் கோப்பைக் கேமராவிலும் எக்ஸ்போர்ட்டைத் தொலைக்காட்சியிலும் கேட்டு ஒப்பிடுவதில் பொருளில்லை, ஏனென்றால் அப்போது நீங்கள் ஒப்பிடுவது இரண்டு கோப்புகளை அல்ல, இரண்டு ஸ்பீக்கர்களை. வயர்லெஸ் ஹெட்போனையும் இந்தச் சோதனைக்குத் தவிர்த்துவிடுங்கள். புளூடூத் ஹெட்போனின் மைக்கை ஏதேனும் ஒரு மென்பொருள் பயன்படுத்தத் தொடங்கியதும், பல கணினிகளில் அது உரையாடல் முறைக்கு மாறி, ஒலியை ஒற்றைச் சேனலாக்கித் தொலைபேசித் தரத்துக்கு இறக்கிவிடும். கோப்பில் ஒரு குறையும் இல்லாமலேயே எல்லாம் கெட்டுவிட்டதுபோலக் கேட்கும். கம்பியுள்ள எளிய ஹெட்போன் ஒன்று போதும்.

இரண்டும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் கோளாறு பதிவிலேயே இருக்கிறது. மூலம் நன்றாகவும் எக்ஸ்போர்ட் மோசமாகவும் இருந்தால் இன்னொரு சோதனையைச் செய்ய வேண்டும்: அதே முப்பது விநாடியை, ஆடியோவை மட்டும் சுருக்கப்படாத பிசிஎம் அல்லது வேவ் வடிவில், 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இந்தக் கோப்பு தெளிவாக இருந்தால் குற்றவாளி ஆடியோவைச் சுருக்கும் கோடெக்கும் அதன் பிட்ரேட்டும்தான். இதுவும் கெட்டிருந்தால் சிக்கல், எடிட்டிங்கில் துண்டுகளை அடுக்கும் டைம்லைனில் இருக்கிறது. அதாவது சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்வது என்ற வீதம்) பொருத்தமின்மை, அளவு மீறிய ஒலி, இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு எஃபெக்ட் ஆகியவற்றுள் ஒன்று. மூலம் நன்றாக இருந்தது என்று நீங்களே சொல்வதால், உங்கள் விஷயத்தில் இந்த இரண்டுக்குள்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிட்ரேட்டை முதலில் பார்ப்போம். கோப்பைச் சிறிதாக்கும் தயார் அமைப்புகள் சில, ஆடியோவை ஏஏசி கோடெக்கில் விநாடிக்கு 64 அல்லது 96 கிலோபிட்டுக்குச் சுருக்கிவிடுகின்றன. அந்த அளவில் கோடெக் முதலில் கைவிடுவது உயர் அதிர்வெண்களை. 'ச', 'ஸ', 'ட' போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது என்பதால் பேச்சு மங்கிப்போகிறது. கைதட்டலும் மழைச்சத்தமும் தகரத்தைத் தேய்ப்பதுபோல மாறுகின்றன. இதைச் சிக்கனம் என்று நினைத்துச் செய்வதில் அர்த்தமே இல்லை. 1080 வரிப் படத்தை விநாடிக்கு 10 மெகாபிட் வீதத்தில் எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிகாபைட் ஆகிறது. ஆடியோவை 96 கிலோபிட்டிலிருந்து 320 கிலோபிட்டுக்கு உயர்த்தினால் கூடுவது மணிக்கு 100 மெகாபைட் அளவே. படத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ஆடியோவுக்குக் கிள்ளிக் கொடுக்கும் கணக்கு இது. ஆகவே ஸ்டீரியோ ஏஏசிக்குக் குறைந்தது 192 கிலோபிட், முடிந்தால் 256 அல்லது 320 என்று வையுங்கள். யூடியூபில் ஏற்றுவதானால், ஸ்டீரியோவுக்கு 384 கிலோபிட் ஏஏசியை அந்தத் தளமே பரிந்துரைக்கிறது. ஏற்றிய பிறகு அது மீண்டும் ஒருமுறை சுருக்கும் என்பதால் முதலில் தாராளமாகக் கொடுப்பது நல்லது.

அந்த 'மீண்டும் ஒருமுறை' என்பதில்தான் இன்னொரு சேதம் ஒளிந்திருக்கிறது. ஏஏசி, எம்பி3, ஏசி-3 எல்லாமே தகவலை இழந்து சுருக்குபவை. ஒருமுறை இழந்தது திரும்ப வராது என்பதோடு, ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் முந்தைய சுருக்கத்தின் கசடும் சேர்ந்து சுருங்குகிறது. குடும்ப வீடியோக்களில் இது நாம் அறியாமலே நடக்கும். கைப்பேசி ஒருமுறை சுருக்கிப் பதிவு செய்கிறது. அதைச் செய்திச் செயலி வழியே உறவினர் அனுப்பும்போது இரண்டாம் முறை சுருங்குகிறது. நீங்கள் பாதி எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்யும்போது மூன்றாம் முறை. அந்தக் கோப்பையே மறுநாள் திறந்து மேலே எடிட் செய்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் நான்காம் முறை. தளத்தில் ஏற்றும்போது ஐந்தாம் முறை. இவற்றுள் முதலும் கடைசி இரண்டும் தவிர்க்க முடியாதவை. நடுவில் இருப்பவற்றைத் தவிர்க்கலாம்: செயலி வழியே வந்த வீடியோவுக்குப் பதிலாக எடுத்தவரின் கைப்பேசியிலுள்ள மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள், எடிட்டிங்கை எப்போதும் எடிட்டிங் மென்பொருள் சேமிக்கும் ப்ராஜெக்ட் கோப்பிலிருந்து தொடருங்கள், ஆடியோவை வேறொரு மென்பொருளில் திருத்துவதாக இருந்தால் அங்கிருந்து எம்பி3 ஆக அல்லாமல் வேவ் ஆகவே திரும்பக் கொண்டுவாருங்கள். சுருக்கப்படாத 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 11.5 மெகாபைட்தான், இன்றைய வன்தட்டுகளுக்கு அது ஒரு பொருட்டல்ல.

கரகரப்புக்கும் உதட்டசைவு பிசகுவதற்கும் சாம்பிள் ரேட் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வீடியோ உலகம் விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்பதைப் பின்பற்றுகிறது; இசைக் குறுந்தட்டு வழியே வந்த இசை உலகம் 44,100 என்பதை. இவை போதாவென்று பழைய மினி டிவி கேம்கார்டர்களில் இரண்டு பதிவு முறைகள் இருந்தன: 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்பது ஒன்று, 12 பிட், 32,000 ஹெர்ட்ஸ் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது முறை, பின்னால் வேறொரு குரலைச் சேர்க்க இரண்டு கூடுதல் சேனல்களுக்கு இடம் விடுவதற்காக ஏற்பட்டது. அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் பல கருவிகளில் அதுவே இயல்பு நிலையாக இருந்ததால், வீடுகளில் கிடக்கும் டேப்புகளில் கணிசமானவை 32,000 ஹெர்ட்ஸில்தான் பதிவாகியிருக்கின்றன. ஆகவே கைப்பேசி வீடியோ 48,000, கேம்கார்டர் 32,000, பின்னணி இசை 44,100 என்று மூன்றும் ஒரே டைம்லைனில் விழுகின்றன.

நல்ல மென்பொருள் இவற்றைத் தானே ஒரே வீதத்துக்கு மாற்றிக்கொள்ளும். மோசமாக மாற்றினால் வெட்டுகளில் சொடக்கும் கரகரப்பும் வரும். மாற்றாமலே ஓட்டினால் சுருதியே மாறிவிடும். 44,100-இல் பதிவான ஒலியை 48,000 என்று நினைத்து இயக்கினால் ஒரு நிமிடப் பேச்சு 55 விநாடியில் முடிந்து, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். 32,000-ஐ 48,000 ஆக இயக்கினாலோ விகிதம் சரியாக 3:2; ஷட்ஜத்தில் பேசியவர் பஞ்சமத்தில் பேசுவார். சுருதி இப்படி மாறிக் கேட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. மீடியாஇன்ஃபோ போன்ற இலவசக் கருவியிலோ, விஎல்சியின் கோடெக் தகவல் பக்கத்திலோ ஒவ்வொரு மூலக் கோப்பின் சாம்பிள் ரேட்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 48,000 அல்லாதவற்றை ஆடாசிட்டி போன்ற ஆடியோ மென்பொருளில் திறந்து 48,000-க்கு மாற்றி, வேவ் ஆகச் சேமித்து, அதன் பிறகே டைம்லைனில் சேருங்கள். ப்ராஜெக்டையும் எக்ஸ்போர்ட்டையும் அதே 48,000-இல் வையுங்கள்.

சுருதி சரியாக இருந்தும் உதட்டசைவு மட்டும் போகப்போக விலகினால் காரணம் வேறு. கைப்பேசிகள் பெரும்பாலும் மாறும் பிரேம் வீதத்தில் பதிவு செய்கின்றன. வெளிச்சம் குறைந்தாலோ கருவி சூடேறினாலோ விநாடிக்கு 30 பிரேம் என்பது 28-ஆகவோ 24-ஆகவோ இறங்கும். ஆடியோவோ சீராக ஓடிக்கொண்டிருக்கும். சீரான வீதத்தை எதிர்பார்க்கும் எடிட்டிங் மென்பொருள் பிரேம்களை எண்ணிக்கொண்டே போகும்போது இரண்டும் பிரிகின்றன. 29.97-க்கும் 30-க்கும் இடையிலான குழப்பமும் இப்படித்தான்: வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான் என்றாலும் ஒரு மணி நேரத்தில் அது 3.6 விநாடி ஆகிவிடும். ஒலி படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலும், 125 மில்லி விநாடி பிந்தினாலும் மனிதர்கள் கவனித்துவிடுகிறார்கள் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையில் உள்ள கணக்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு விலகலில், ஒலி முந்தும் பக்கமாக இருந்தால், முதல் நிமிடம் முடிவதற்குள்ளேயே அந்த எல்லை தாண்டிவிடும். ஆடியோவை நகர்த்தி நகர்த்திப் பொருத்துவது இதற்குத் தீர்வாகாது. தொடக்கத்தில் பொருத்தினால் முடிவில் பிசகும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற கருவியில் சீரான பிரேம் வீதம் என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை மாற்றிக்கொள்வதுதான் வழி. அப்போது ஆடியோவை மறுபடி சுருக்காமல் அப்படியே கடத்தும் தேர்வையும் சேர்த்து இடுங்கள்.

அடுத்து ஒலியின் அளவு. டிஜிட்டல் ஆடியோவில் 0 டெசிபெல் என்பது கூரை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேச்சின் உச்சங்கள் −12 முதல் −6 டெசிபெல் வரை இருந்தால் அது வசதியான இடம். இதில் பலர் மறந்துவிடுவது, ட்ராக்குகள் ஒன்றோடொன்று கூடும் என்பதை. பேச்சு தனியாக −3, இசை தனியாக −3 என்று இரண்டும் கூரைக்குக் கீழேதான் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொட்டால் கூட்டுத்தொகை கூரையில் முட்டி, அலையின் தலை தட்டையாக வெட்டப்பட்டுக் கரகரப்பாகிவிடும். மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பல மென்பொருள்களில் பதற வேண்டியதில்லை. உள்ளே கணக்கு, கூரைக்கு மேலுள்ள அளவையும் தாங்கும் மிதவைப் புள்ளி எண்களில் நடப்பதால், இறுதி மாஸ்டர் அளவைக் குறைத்தாலே அலை முழு வடிவில் திரும்பிவிடும். சிவப்பில் இருக்கும்போதே எக்ஸ்போர்ட் செய்துவிட்டால்தான் வெட்டு நிரந்தரமாகிறது. பேச்சின்போது இசையை அதைவிட 15 முதல் 20 டெசிபெல் தாழ்த்தி வைப்பது பொதுவாகப் பொருந்தும். இசை சற்றே தாழ்ந்திருப்பதாகத் தோன்றும் இடமே சரியான இடம். எடிட் செய்பவருக்கு எல்லா வசனமும் மனப்பாடம் என்பதால் அவர் காது எப்போதும் இசைக்குக் கூடுதல் இடம் கொடுத்துவிடும்.

ஒலியை மொத்தமாக ஏற்றித் தரும் 'நார்மலைஸ்' என்ற பொத்தானை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. அது பார்ப்பது உச்சத்தை மட்டுமே. ஒரு மணி நேர வீடியோவில் யாரோ ஒருமுறை மேசையைத் தட்டியிருந்தால் அந்த ஒரு தட்டல் கூரையைத் தொட்டுவிடும். மெல்லப் பேசிய பாட்டியின் குரல் அப்படியே அடியில் கிடக்கும். காது உணரும் சராசரி உரப்பை அளக்க எல்யூஎஃப்எஸ் என்ற அலகு இருக்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரை தொலைக்காட்சிக்கு −23 எல்யூஎஃப்எஸ் என்று வகுத்தது. கைப்பேசியிலும் கணினியிலும் பார்க்கும் குடும்ப வீடியோவுக்கு −16 முதல் −14 வரை பொருந்தும், உச்சம் −1 டெசிபெல்லைத் தாண்டாமல். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கருவிகளில் எடுத்த துண்டுகளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு துண்டையும் முதலில் ஒரே எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், பார்ப்பவர் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

டைம்லைனில் சரிபார்க்க வேண்டிய சிறு விஷயங்கள் இரண்டு மிச்சம் இருக்கின்றன. ஒரு காதில் மட்டும் ஒலி கேட்டால், ஒற்றைச் சேனல் மைக்கை ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகியிருக்கிறார்கள்; அந்தச் சேனலை இரண்டுக்கும் நகலெடுத்தால் போதும். இதைவிட விசித்திரமானது, ஹெட்போனில் நன்றாகக் கேட்கும் குரல் கைப்பேசி ஸ்பீக்கரில் காணாமல் போவது. தவறான கேபிளின் வழியே வந்த ஒலியில் இடது சேனலின் அலை வலது சேனலின் அலைக்கு நேர் தலைகீழாக இருந்தால், இரண்டையும் ஒன்றாகக் கூட்டும் சிறு ஸ்பீக்கரில் ஒன்று மற்றொன்றை அழித்துவிடுகிறது. ஒரு சேனலைத் தலைகீழாக்கும் 'இன்வெர்ட்' கட்டளை இதை ஒரே நொடியில் தீர்க்கும். அது என்னவென்று தெரியாமல், அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரோடு போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, மூலப் பதிவே கெட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். இங்கே ஃபில்டர்களுக்கு வேலை இருக்கிறது, வரிசையும் முக்கியம். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை இடுங்கள். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணே பொதுவாக 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது என்பதால் பேச்சு எதையும் இழக்காது. காற்றின் உறுமலும், கேமராவைப் பிடித்த கையின் உராய்வும், வண்டிகளின் அதிர்வும் மட்டுமே போகும். இந்த ஒரு ஃபில்டர் தரும் பலனுக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. மின்கம்பியிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் இருந்தால், அது மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 அல்லது 120, 180-இலும் இருக்கும். அந்தந்தப் புள்ளியில் மட்டும் மிகக் குறுகிய நாட்ச் ஃபில்டர் இட்டால் அடங்கிவிடும். அகலமாக வெட்டினால் குரலின் உடம்பும் சேர்ந்து போகும்.

தொடர்ச்சியான 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு, யாரும் பேசாத ஒரு விநாடியை மாதிரியாகக் கொடுத்து அதே வகை ஒலியைக் குறைக்கும் முறை ஆடாசிட்டி உட்படப் பல மென்பொருள்களில் இருக்கிறது. மின்விசிறி, ஏசி, டேப்பின் சீறல் போன்ற மாறாத ஒலிகளுக்கே அது பொருந்தும். நாய் குரைப்பதையும் பக்கத்து அறைப் பேச்சையும் அது தொடாது. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, இரைச்சல் முற்றாக மறையும்வரை திருகுவது. குரலுக்கும் இரைச்சலுக்கும் பொதுவான அதிர்வெண்கள் இருப்பதால், 20 டெசிபெல், 25 டெசிபெல் என்று குறைக்கும்போது குரலின் துணுக்குகளும் பிய்ந்து, மிச்சமிருக்கும் ஒலி தண்ணீருக்கடியில் பேசுவதுபோல நெளியத் தொடங்கும். 6 முதல் 9 டெசிபெல் வரை குறைத்து நிறுத்துங்கள். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சட்டும். சீரான மெல்லிய இரைச்சலைக் காது அரை நிமிடத்தில் மறந்துவிடும், நெளியும் குரலை மறக்காது. வெட்டுகளுக்கிடையில் முழு அமைதி விழுந்தாலும் உறுத்தும் என்பதால், அதே அறையின் பேச்சற்ற ஒலியைச் சில விநாடிகள் நகலெடுத்து அந்த இடைவெளிகளில் நிரப்புவதும், ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று பிரேம் அளவுக்கு ஒலியை மங்கச்செய்து இணைப்பதும் நல்ல பழக்கம்.

இதற்குப் பிறகுதான் ஈக்வலைசர். குரல் கும்மென்றிருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 3 டெசிபெல் போலக் குறைத்து, 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்தினால் சொற்கள் தெளியும். அதன்பின் 2:1 அல்லது 3:1 விகிதத்தில், உரத்த ஒலிகளை அமுக்கி அளவைச் சமன்செய்யும் மென்மையான கம்ப்ரெஸர், கடைசியாக உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டர். கம்ப்ரெஸரை இரைச்சல் நீக்கத்துக்கு முன்னால் போட்டால், பேச்சின் இடைவெளிகளில் இரைச்சல் ஏறியும் இறங்கியும், கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போகாமல் போய்விடும். கேமராவின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு இதே தீங்கைப் பதிவின்போதே செய்துவிடுகிறது; அமைதியில் இரைச்சலைத் தூக்கி, யாராவது சிரித்ததும் எல்லாவற்றையும் அமுக்குகிறது. அதற்கு ஃபில்டர் ஏதும் இல்லை. வால்யூம் கோட்டைக் கையால் புள்ளி வைத்து ஏற்றி இறக்குவதே வழி. பொறுமை வேண்டும், ஆனால் பலன் இயல்பாக இருக்கும்.

எதிரொலிதான் மிகப் பிடிவாதமான நோய். திறந்த வெளியில் மைக்கிலிருந்து தூரம் இரட்டிப்பாகும்போது நேரடிக் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள்ளும் நேரடிக் குரல் அப்படித்தான் குறைகிறது, ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. நான்கு மீட்டருக்கு அப்பாலிருந்து எடுத்த வீடியோவில் அறைதான் அதிகம், ஆள் குறைவு. பழைய ஃபில்டர்கள் இதை அசைக்க மாட்டா. செயற்கை நுண்ணறிவால் குரலைப் பிரித்தெடுக்கும் புதிய கருவிகள் உண்மையாகவே உதவுகின்றன; ஆனாலும் அவற்றை முழு அளவில் இடாதீர்கள். கேட்காத எழுத்துகளைச் சில சமயம் அவை தாமாகவே ஊகித்து நிரப்புகின்றன. இருமல், பெருமூச்சு, குழந்தையின் மழலை ஆகியவற்றை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுகின்றன. செய்தி வாசிப்பவருக்கு அது பரவாயில்லை. குடும்ப வீடியோவில் அந்த மழலைக்காகத்தான் நாம் இத்தனை பாடுபடுகிறோம். தூய்மையாக்கிய ட்ராக்கோடு மூல ட்ராக்கையும் அடியில் மெல்லக் கலந்து வைத்தால் குரலும் இடமும் இரண்டும் தங்கும்.

பதிவின்போதே கூரையில் முட்டித் தட்டையான ஒலியை டி-கிளிப் கருவிகள் ஓரளவு ஊகித்து வளைத்துத் தரும். அதற்கு முன் அளவை 6 டெசிபெல்லாவது குறைத்து, மீளும் உச்சங்களுக்கு இடம் விட வேண்டும். சில மில்லி விநாடிகள் நீளும் வெட்டுகளை எதுவும் மீட்காது.

டேப்பிலிருந்து வந்த வீடியோ என்றால், ஃபில்டர்களில் இறங்குமுன் டேப் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மறுபடி டிஜிட்டலாக்குவதே எந்தப் பழுதுபார்ப்பையும்விட மேல். விஎச்எஸ் டேப்புகளில் ஓரத்திலுள்ள குறுகிய நேர்கோட்டு ஒலித்தடம் ஒன்று உண்டு. ஹை-ஃபை கருவியில் பதிவானதாக இருந்தால் படத்தோடு சேர்ந்து பதிவான, அதைவிட மிகத் தெளிவான வேறொரு தடமும் இருக்கும். பல பிளேயர்களில் இரண்டையும் கலந்து கொடுக்கும் நிலை ஒன்று இருக்கிறது. அதை மாற்றி ஹை-ஃபை தடத்தை மட்டும் எடுத்தால் சீறல் பெருமளவு மறைந்துவிடும். மினி டிவியைப் பொறுத்தவரை, அனலாக் கம்பி வழியே ஒலியை எடுக்காமல் ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியே டிஜிட்டலாகவே நகலெடுக்க வேண்டும். பதிவான எண்கள் அப்படியே வந்து சேரும். அனலாக் ஒலியையும் படத்தையும் டிஜிட்டலாக்கும் கேப்சர் கருவி வழியே எடுக்க நேர்ந்தால், டேப்பில் மிக உரத்த பகுதியை முதலில் ஓடவிட்டு, உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாதபடி உள்ளீட்டளவை அமைத்த பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

வேலை முடிந்த வீடியோ ஒன்றில் ஆடியோ மட்டும் சரியில்லை, படம் நன்றாக இருக்கிறது என்றால், அதை மறுபடி முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து படத்தின் தரத்தையும் ஒரு படி இறக்க வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில், படத்தைச் சுருக்காமல் அப்படியே நகலெடுத்து ஆடியோவை மட்டும் புதிய வேவ் கோப்பிலிருந்து எடுத்து ஏஏசி ஆக்கும் வசதி இருக்கிறது. ஒரு மணி நேர வீடியோவுக்குக்கூடச் சில நிமிடங்களே பிடிக்கும். புதிய ஆடியோவின் நீளம் பழையதோடு மில்லி விநாடி பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய கோப்பின் தொடக்கத்தையும் கடைசி நிமிடத்தையும் ஒருமுறை ஹெட்போனில், ஒருமுறை கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் மூலக் கோப்புகளையும் ப்ராஜெக்ட் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள்.